இத்தாலிக்காரியை விற்காதே

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

மாப்ளை சுந்தரம்,

இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. எனக்குச் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சேது போனில் சொன்னான். உன் ஃபியட் புண்டோ காருக்கு 68,000 ரூபாய் ரிப்பேர் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்களாம், நீ அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்கிறாயாம். அந்த இத்தாலிக்காரிக்காக நீ அப்பாவிடம் வாங்கிய திட்டு மறந்துபோச்சா? இந்தக் கடிதத்தை முழுசாகப் படி, அப்புறம் விற்பதைப் பற்றிப் பேசுவோம்.

போன மாதம் என் ஸ்விஃப்டுக்கு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மாற்றினேன். கழற்றிப் போட்ட பழையதை வேஸ்ட் துணியால் துடைத்தால், கார் கம்பெனி பெயருக்குப் பக்கத்திலேயே அதைச் செய்து கொடுத்தவனின் முத்திரையும் இருக்கிறது. அவனே தன் சொந்த டப்பாவில் போட்டு விற்பதைத்தான் வடக்கு வெளி வீதியில் வாங்கினேன். கார் கம்பெனி டப்பாவைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கார் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை, மாப்ளை. ஸ்டீயரிங் சாமானுக்கு ரானே, பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டிவிஎஸ், டீசல் சாமானுக்கு பாஷ் என்று ஆளுக்கொரு வேலை. அதே ஆட்கள் கடைக்கும் சரக்குப் போடுகிறார்கள். டிவிஎஸ் ஊரில் பிறந்துவிட்டு இது தெரியாமல் நீ ஷோரூம் கவுண்டரில் போய் நிற்கலாமா?

ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது, சாமான் கிடைக்காது என்று உன்னைப் பயமுறுத்தியிருப்பார்கள். அதில் பாதிதான் உண்மை. உன் வண்டியில் இருக்கும் 1248 சிசி டீசல் இன்ஜின்தான் என் ஸ்விஃப்டிலும் இருக்கிறது, டாடா விஸ்டாவிலும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வரும்வரை நாடு முழுக்க ஓடிய இன்ஜின் அது. அதனால் இன்ஜின் உள்சாமானுக்கு நீ அலைய வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் பொருந்தும் என்று கிளம்பிவிடாதே. ஸ்விஃப்ட் கியர்பாக்ஸ் வேறு, அதன் கிளட்ச் உனக்கு ஆகாது. டர்போவிலும் 75 குதிரைசக்தி வண்டிக்கு ஒன்று, 90 குதிரைசக்தி வண்டிக்கு ஒன்று என்று வித்தியாசம் உண்டு. சஸ்பென்ஷனுக்கு ஃபியட் லீனியாவைப் பார், அது உன் வண்டிக்குத் தங்கச்சி முறை. எதை வாங்கினாலும் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுத்துக்கொள். "புண்டோவுக்கு ஒரு ரப்பர் புஷ் கொடுங்கண்ணே" என்று கேட்டால் கடைக்காரன் கைக்கு வந்ததைக் கொடுப்பான். பார்ட் நம்பர் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பான். கார் சாமான் விற்கும் பூட்மோ வெப்சைட்டில் அந்த நம்பரைத் தட்டினால் யார் யார் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று தெரியும். அதைப் போனில் வைத்துக்கொண்டு நம்ம ஊர்க் கடையில் பேசு. ஐம்பது நூறு கூடினாலும் உள்ளூரிலேயே வாங்கு. மாற்ற வேண்டியிருந்தால் நேரில் போய்ச் சண்டை போடலாம். எலக்ட்ரிக்கல் சாமானை மட்டும் எவனும் திருப்பி வாங்க மாட்டான்.

வரி விஷயம் ஒன்று. 28 சதவீத ஜிஎஸ்டியில் இருந்த சாமான்கள்கூட 2025 செப்டம்பர் 22 முதல் 18-க்கு வந்துவிட்டன. டப்பாவில் பழைய எம்ஆர்பி இருந்தால், "அண்ணே, இது பழைய வரியில்ல?" என்று ஒரு வார்த்தை கேள். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்பான். மயங்காதே, பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை.

உன் மெக்கானிக் முகத்தைத் தூக்குவான். கடையில் அவனுக்குக் கமிஷன் உண்டு, நீயே வாங்கிப் போனால் அது போச்சு. எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. கூலி 800 கேட்டால் நாம் 500-க்கு இழுக்கிறோம், மிச்சத்தை அவன் சாமானில் எடுக்கிறான். "கூலியை நீ நியாயமா கேளு, சாமான் நான் வாங்கித் தர்றேன்" என்று முதலிலேயே பேசிவிடு. என் மெக்கானிக் பாண்டி இப்போது தானே லிஸ்ட் எழுதித் தருகிறான், கோணல் எழுத்தில்.

இதிலெல்லாம் பெரிய ஆட்களே மாட்டியிருக்கிறார்கள். ஒரிஜினல் சாமானை வெளிக் கடைக்குக் கொடுக்காமல் கைக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று 2014 ஆகஸ்டில், வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. அப்புறம் அப்பீல், கோர்ட்டு என்று இழுத்துக்கொண்டு போனது வேறு கதை. உன் ஷோரூம் கவுண்டர் ஆள் வெளியில் வாங்கினால் ஆபத்து என்று கையை ஆட்டும்போது இதை நினைத்துக்கொள்.

ஆனால் ஒன்றில் விளையாடாதே. பிரேக் பேட். சேதுவின் மருமகன் முத்திரை இல்லாத பேடைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டினான். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது, பிள்ளைகள் பின்சீட்டில், மிதிக்க மிதிக்க வண்டி நிற்கவில்லை. மேட்டோரம் உரசி நிறுத்தினான். சேது உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டான், எங்களிடமே நாலு நாள் கழித்துத்தான் சொன்னான். உன் வண்டியை இப்போது கீதாதானே காலேஜுக்கு எடுத்துப் போகிறாள்? பிரேக், ஸ்டீயரிங், டயர் மூன்றிலும் பேரம் வேண்டாம். வேண்டுமானால் வைப்பரில் பேசு, சீட் கவரில் பேசு, பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதிது வாங்கும்போது தொண்டை வறளப் பேசு.

எஸ்டிமேட்டை வரிவரியாகப் போட்டோ எடுத்து அனுப்பு, மொத்தத் தொகையை மட்டும் அனுப்பாதே. கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரும் வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் வந்தால் வடக்கு வெளி வீதியில் கேட்டுச் சொல்கிறேன். ஜிகர்தண்டா பாக்கியை இதில் கழிக்க முடியாது, அது தனிக் கணக்கு.

உன்,
மாரி