செக்கு போடலாம் என்கிறாயே, அது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. வேலையை விட்டுவிட்டு ஊரில் எண்ணெய்ச் செக்கு போடட்டுமா என்று போனில் நீ கேட்டபோது அத்தை பக்கத்தில் இருந்தாள். "படிச்ச பொண்ணு ஒரகடத்து வேலையை விட்டுட்டு ஒடுகத்தூர்ல செக்கு ஆட்டவா வரணும்?" என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் உன்னிடம் எதையும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வா கண்ணு. தாராளமாகத் தொடங்கு. எனக்கு முழுச் சம்மதம்.

ஆடியில் கடலை விதைத்து, ஐப்பசியில் பிடுங்கி, வியாபாரி சொன்ன விலைக்குக் காயாகவே போட்டுவிடுகிறோம். அப்புறம் அதையே எண்ணெயாகக் கடையில் வாங்குகிறோம். மாட்டுக்குப் புண்ணாக்கும் வாங்குகிறோம். நடுவில் நடக்கிற வேலை மட்டும் நம் ஊரில் இல்லை, காசு இருப்பதோ அதில்தான். நம் தெருப் பிள்ளைகள் விடியற்காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிறார்கள். நீ செக்கு போட்டால் பருப்பு பொறுக்க, பாட்டிலில் அடைக்க இரண்டு பேருக்காவது இங்கேயே வேலை கிடைக்கும். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் ஷெட்டுக்கும் மெஷினுக்கும் அவசரப்படாதே. முதலில் விற்கப் பழகு. வேலையை விடாமல், இந்த அறுவடைக் கடலையில் நாலு மூட்டையை உடைத்து, கூலிக்கு ஆட்டிக்கொள்ளலாம். சனி, ஞாயிறு வந்து நீயே கொண்டுபோய் விற்றுப் பார். யார் இரண்டாவது தடவை வாங்குகிறார்கள் என்று எழுதி வை. அந்த நோட்டு நிறைந்த பிறகு மெஷின் வாங்கலாம்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகும். பருப்பு விலை ஏறுகிற மாதங்களில் எண்ணெயில் ஒன்றும் நிற்காது, புண்ணாக்குதான் கைகொடுக்கும். அதை ஆட்டின அன்றே தள்ளிவிடாதே. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க ஆள் இருக்கும்.

காயைக் கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று கேட்கணும், அதுதான் காய்ந்த பதம். சொத்தை, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது ஒன்றுகூடச் செக்கில் விழக் கூடாது. பூஞ்சணத்தில் உண்டாகிற அஃப்ளடாக்சின் என்கிற விஷம் எண்ணெயிலும் இறங்கும். கெமிஸ்ட்ரி படித்த உனக்கு நான் சொல்லணுமா? ஆனால் மில்லில் பருப்பைக் கொட்டுகிறவர் அதைப் பார்க்க மாட்டார், நீதான் பார்க்கணும்.

இன்னொன்று. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே உள்ள லாட்ஜுகளைக் கவனித்திருக்கிறாயா? வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கி, சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குக் கடலை எண்ணெய் ஒத்துவராது, கடுகெண்ணெய்தான் வேண்டும். கடுகை வெளியிலிருந்துதான் வாங்கணும் என்றாலும் அதே செக்கில் ஆட்டலாம். வேலூரில் இத்தனை வருஷமாக வந்துகொண்டிருக்கிற கூட்டம் அது, அவர்கள் கேட்பதை நம் கிராமத்துப் பிள்ளைகள் யாரும் செய்து கொடுக்க யோசித்ததாகத் தெரியவில்லை. நீ யோசி. நாலு லாட்ஜில் ஏறி இறங்கி, எந்த அளவு பாட்டில் வாங்குவார்கள் என்று கேள். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள், சின்ன பாட்டிலைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடனுக்குப் பயப்படாதே, ஆனால் விவரம் தெரிந்து வாங்கு. சுயதொழிலுக்கு மானியத்தோடு கடன் கொடுக்கிற மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில், கிராமத்தில் தொழில் தொடங்குகிற பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். நம் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் பணமாகக் கைக்கு வராது. 3 வருஷம் பேங்கிலேயே டெபாசிட்டாக இருந்து, தொழில் ஓடுகிறதென்று பார்த்த பிறகே கடனில் கழியும். பலபேர் இது தெரியாமல் மானியத்தை நம்பிச் செலவு செய்துவிட்டு முழிக்கிறார்கள். 10 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி, கேட்டால் தைரியமாகச் சொல். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், புரோக்கருக்கு ஒரு பைசா கொடுக்காதே. உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது.

கடன் சொல்லி எண்ணெய் எடுத்துப்போக வருகிற சொந்தக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களிடம் "முடியாது" என்று சொல்ல உனக்கு வராது.

தீபாவளிக்கு வரும்போது ஆதார், பான், டிகிரி சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வா. லீவு முடிவதற்குள் இரண்டு பேருமாக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வரலாம். அம்மாவுக்கும் சம்மதம்தான். கூலிக்கு ஆட்டுகிற மில்லில் இப்போது என்ன ரேட்டு என்று நாளைக்கே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா