நீயாக எழுதிக் கொடுக்காதே

பாப்பா,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆறு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ராஜினாமா மெயிலை எழுதி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை அனுப்பப் போகிறேன் என்றாய். யார் போகச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லலம்மா, நானாத்தான்" என்றாய். அந்த 'நானாத்தான்' எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. மறுபடி போன் போட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், முழுசாகப் படி.

1994-இல் நீ வயிற்றில் ஏழு மாதம். மதுரை விளக்குத்தூண் பக்கம் அந்த ஜவுளிக்கடையில் எனக்கு அப்போது எட்டு வருஷ சர்வீஸ், பட்டுப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன், காலையில் ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் ராத்திரி ஒன்பது வரைக்கும், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தவிர உட்காரக் கூடாது, தூணில் சாயக் கூடாது, வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் கல்லாவிலிருந்து பார்த்தால் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரிய வேண்டும். மதியம் மூன்று மணிவாக்கில் கூட்டம் கொஞ்சம் குறையும். அப்போது நாங்கள் கீழ்த்தட்டை அடுக்குகிறோம் என்று சொல்லிக் குத்த வைப்போம். ஏற்கெனவே அடுக்கி வைத்த சேலைகளையே வெளியே எடுத்து, மடிப்பை நீவி, திரும்ப உள்ளே வைப்போம். அந்த இரண்டு நிமிஷம்தான் காலுக்கு ஓய்வு. உன்னைச் சுமந்த மாதங்களில் குத்த வைக்கவும் முடியவில்லை, தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும், விரலால் அமுக்கினால் அமுங்கின இடம் எழும்பி வர நேரமாகும்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உடம்பைப் பார்த்துக்கம்மா, பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார். 'சொந்தக் காரணத்தினால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போகும்போது கவுன்ட்டரிலிருந்து ஒரு காட்டன் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர்கள் என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என்னை யாருமே வேலையை விட்டு நிறுத்தவில்லை, பாப்பா. நானே என் கையால் எழுதினேன். அதனால்தான் பிறகு ஒன்றும் கேட்க முடியவில்லை.

மகப்பேறு சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது என்பதே எனக்கு 2021-இல்தான் தெரியும். அந்த வருஷம்தான் நம் சட்டசபையில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பேப்பரில் படித்துவிட்டு எதிர் வீட்டு வக்கீல் பெண்ணிடம், இதெல்லாம் நிஜமா என்று கேட்கப் போனேன். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது என்று சொன்னாள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரர், கடைகளில் வேலை பார்க்கிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு முதலில் கழிப்பறைக்கும் அப்புறம் உட்காருவதற்கும் போராடிய கதையையும் சொன்னாள். உட்கார ஒரு நாற்காலிக்குப் போராட்டம்! கேட்டுக்கொண்டிருந்தபோது என் கால் தானாக வலித்தது. பேச்சோடு பேச்சாக என் கதையையும் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து வாசித்துக் காட்டினாள். 1994-இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைக்கும் அந்தச் சட்டம் உண்டாம், சம்பளத்தோடு 12 வாரம் லீவாம். அதுகூடப் பரவாயில்லை. பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் அவளை நெடுநேரம் நிற்கிற வேலையில் வைக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நெடுநேரம் நிற்பது என்று அப்படியே போட்டிருக்கிறான். நான் குத்த வைத்து எழுந்திருக்க முடியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாளிலும் அந்த வரி புத்தகத்தில் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வீட்டிலேயே ஃபால்ஸ் அடித்தேன், பிளவுசுக்குக் கொக்கி வைத்தேன். உன்னைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரியில் தைப்பேன். 2003-இல் வேறொரு கடையில் சேர்ந்தபோது புது ஆள் சம்பளம்தான். நான் மடிப்புச் சொல்லிக் கொடுத்த பெண் எனக்கு மேலே சூப்பர்வைசர். எட்டு வருஷத்தில் கால் நரம்பு சுருட்டிக்கொண்டது, வேலையை விட்டு நின்றுவிட்டேன். பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். முதல் கடைப் பணத்தைப் பிரசவச் செலவுக்கே எடுத்துவிட்டோம், இரண்டாவது கடையில் எட்டுதான். அந்த ஒரு தாள் எழுதாமல் இருந்திருந்தால் இன்றைக்குச் சின்னத் தொகையாவது மாதாமாதம் என் பெயரில் வரும்.

உன் கதை வேறு என்பாய். உன் ஆபீசில் ஏசி, நல்ல நாற்காலி, சம்பளம் உன் கணக்கிலேயே விழுகிறது, வீட்டுக் கடன் உன் பெயரிலும் இருக்கிறது. என் சம்பளக் கவரை நான் பிரித்துப் பார்த்ததே கிடையாது, அப்படியே உன் அப்பத்தா கையில் கொடுத்துவிடுவேன். அதெல்லாம் மாறித்தான் இருக்கிறது, எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் உன்னைப் பெரிய புராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டு, "நீங்க ரெஸ்ட் எடுங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்று அந்த மேனேஜர் பெண் சொன்னாளே, அதுவும் எனக்குக் கொடுத்த வெள்ளைத்தாளும் ஒன்றுதான்.

2017-இல் அந்த 12 வாரத்தை 26 ஆக்கிவிட்டார்கள். அதில் எட்டு வாரம் பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். அந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தரம் நீ போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். உன் ஆபீசில் காப்பகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், தெரியாது என்றாய். திங்கட்கிழமை மெயில் அனுப்புவதாக இருந்தால் அதைக் கேட்டு அனுப்பு.

வேலைக்குப் போனால்தான் பெண் என்று நான் சொல்லவே மாட்டேன். பிள்ளையோடு இரண்டு வருஷம் வீட்டில் இருக்கணும் என்று உனக்கு மனசார ஆசை வந்தால் இரு, உன் அத்தைக்கு முன்னால் நானே அதற்கு நிற்பேன். ஆனால் அந்த முடிவை இப்போது எடுக்காதே. ஆறாம் மாதம், காலையில் எழுந்ததும் வாந்தி, ராத்திரி முதுகுவலி, ஆபீசில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, இந்த நிலைமையில் யாராக இருந்தாலும் போதும் என்றுதான் தோன்றும். 26 வாரத்தையும் எடு. பிள்ளை முகத்தைப் பார், பாலூட்டு, தூங்கு. கடைசி மாதத்தில் உட்கார்ந்து யோசி, அப்போது எழுதினால் அது நீ எழுதியது.

மாப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை. "அவ இஷ்டம்மா" என்று அவர் சொன்னது நல்ல மனசில்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரிப் பால் புட்டி யார் கையில், காய்ச்சல் வந்தால் லீவு யாருக்கு என்று முதலில் அவர் சொல்லட்டும். அதைச் சொல்லாமல் உன் இஷ்டம் என்றால் நீ வேறு எதைத்தான் எடுப்பாய்? உன் அப்பாவும் அன்றைக்கு இதையேதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், லோயர் பெர்த் கிடைத்துவிட்டது. நீ ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், மாப்பிள்ளை வந்தால் போதும். உன்னை வேலைக்குச் சேர்த்தபோது கொடுத்த பேப்பர்களை எல்லாம் எடுத்து வை, இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். அந்த மெயிலை அதுவரை தொடாதே.

அம்மா