கார்னகி ஹால் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார்னகி ஹால் நிர்வாகத்தினருக்கும் நிகழ்ச்சித் திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உங்கள் அரங்கிலும் நியூயார்க் நகரின் வேறு பல இடங்களிலும் நடந்த ஆஃப்ரோஃபியூச்சரிசம் விழாவைப் பற்றி எழுதுகிறேன். கறுப்பின மக்கள் தங்கள் வருங்காலத்தை அறிவியல் புனைவின் வழியே தாங்களே படைத்துக்கொள்ளும் மரபு அது. இசை, எழுத்து, ஓவியம், திரைப்படம் ஆகிய அனைத்திலும் வேரோடிய அந்த மரபுக்கு, 1891இல் சைக்கோவ்ஸ்கியின் இசையோடு திறக்கப்பட்ட உங்கள் அரங்கு இரண்டு மாதங்கள் இடம் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்வது என் முதல் கடமை. அவ்விழா ஒருமுறையோடு நின்றுவிடக் கூடாது என்பதும், அடுத்த முறை அறிவியல் புனைகதை எழுத்தாளர்களை உங்கள் பெரிய மேடையிலேயே அமர்த்த வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

அந்த விழாவில் சன் ரா ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் இசைக் குழு வாசித்தது. அதை வழிநடத்தும் மார்ஷல் ஆலனுக்கு அப்போது வயது 97. அதை நிறுவிய சன் ரா 1914இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர். பெற்றோர் இட்ட பெயரை விட்டுவிட்டு, தாம் சனிக் கோளிலிருந்து வந்ததாக இறுதிவரை சொல்லிவந்தவர். இதை ஒரு கலைஞனின் விசித்திர குணம் என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. எந்த இருக்கையில் உட்காரலாம், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கலாம் என்பதையெல்லாம் தோலின் நிறம் முடிவு செய்த ஊரில் வளர்ந்த ஒருவர், இந்த மண்ணின் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிப்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேறு என்ன இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் 1968இலேயே உங்கள் அரங்கில் வாசித்திருக்கிறார் என்பதை உங்கள் ஆவணக் காப்பகம் என்னைவிட நன்றாக அறியும்.

நியூயார்க்கின் ஹார்லமில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் ‘நோவா’ நாவல் அதே 1968இல் வெளிவந்தது. அதற்கு முன் அதைத் தொடராக வெளியிடக் கேட்டபோது, அன்றைய முன்னணி அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியரான ஜான் கேம்பல் மறுத்துவிட்டார். கறுப்பினக் கதைத்தலைவனோடு தம் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று அவர் காரணம் சொன்னதாக டிலேனி பின்னர் எழுதியிருக்கிறார். விண்மீன்களுக்கு இடையே கப்பல் ஓட்டுவதை நம்பத் தயாராக இருந்த வாசகர்கள், அதன் தலைவன் கறுப்பாக இருப்பதை நம்ப மாட்டார்கள் என்று ஓர் ஆசிரியர் கருதினார். இசைக் கலைஞருக்கு உங்கள் மேடை கிடைத்த காலத்தில் எழுத்தாளருக்கு ஓர் இதழின் பக்கங்கள்கூடக் கிடைக்கவில்லை. எழுத்தாளர்களுக்காக நான் தனியே பேசுவது இதனால்தான்.

2022 விழாவில் எழுத்து இல்லாமல் இல்லை. விழாவை வடிவமைத்த ஆலோசனைக் குழுவில் எழுத்தாளர்களான ஷெரீ ரெனே தாமஸும் இட்டாஷா வோமாக்கும் இருந்தார்கள்; 2000ஆம் ஆண்டில் கறுப்பின எழுத்தாளர்களின் அறிவியல் புனைவுகளை ஒரே பெருந்தொகுப்பாகக் கொண்டுவந்து, அப்படி ஒரு மரபே இல்லை என்று சொல்லிவந்தவர்களின் வாயை அடைத்தவர் தாமஸ். ஆயினும் உங்கள் மேடை இசைக்கே உரியதாக இருந்தது. சொற்பொழிவும் திரைப்படமும் இலக்கியமும் பெரும்பாலும் கூட்டு அமைப்புகளின் இடங்களுக்கும் இணையத்துக்கும் போய்விட்டன. இசையரங்கு இசைக்கு முதலிடம் தருவது இயல்பே. ஆனால் இந்த மரபில் இசையையும் கதையையும் பிரித்து வைப்பது கடினம். டெட்ராய்ட் நகரின் டிரெக்ஸியா என்ற எலக்ட்ரானிக் இசைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கருவுற்ற பெண்களின் வயிற்றுப் பிள்ளைகள் நீருக்குள்ளேயே மூச்சுவிடக் கற்றுக்கொண்டு, ஆழ்கடலில் ஒரு நாட்டை அமைத்தார்கள் என்பது அவர்கள் தங்கள் இசைக்கு அமைத்துக்கொண்ட கதை. அந்தக் கதையை அறியாமல் அந்த இசையைக் கேட்பவர் பாதியைத்தான் கேட்கிறார்.

உங்கள் அரங்கு நிற்கும் இடமே இந்த இலக்கியத்துக்குச் சொந்தமானது. கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் 1920இல் ‘தி காமெட்’ என்ற சிறுகதையை வெளியிட்டார். வால்நட்சத்திரம் ஒன்றின் நச்சுவாயுவால் நியூயார்க்கே மாண்டுகிடக்க, வங்கியின் நிலவறைக்குள் அனுப்பப்பட்டிருந்த ஜிம் என்ற கறுப்பின ஊழியர் மட்டும் உயிரோடு வெளியே வருகிறார். பிணங்கள் கிடக்கும் ஐந்தாம் அவென்யூ வழியாக அவர் வடக்கே செல்லும் பாதை உங்கள் வாசலிலிருந்து இரண்டு அவென்யூ தள்ளித்தான் இருக்கிறது. பிறகு அவர் உயிர்தப்பிய ஒரு வெள்ளையினப் பெண்ணைச் சந்திக்கிறார். உலகமே முடிந்துவிட்டது என்று எண்ணிய சில மணி நேரம் மட்டும் அவ்விருவரும் வெறும் மனிதர்களாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்; நகருக்கு வெளியே உலகம் அப்படியே இருக்கிறது என்று தெரிந்ததும் வந்து கூடும் கும்பலில் அவரைத் தூக்கிலிட வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. நூறாண்டு கடந்த இந்தக் கதையை ஒரு நல்ல நடிகர் உங்கள் மேடையில் முழுவதுமாகப் படிக்க, அதற்கு இன்றைய இசையமைப்பாளர் ஒருவர் இசை அமைத்தால் எப்படி இருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சற்று வடக்கே நடந்தால் சென்ட்ரல் பார்க். அதை அமைப்பதற்காக 1857இல் இடித்துத் தள்ளப்பட்ட செனக்கா வில்லேஜ் என்ற குடியிருப்பில், சொந்த நிலமும் தேவாலயங்களும் பள்ளியும் வைத்து வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் இருந்தன. அந்த ஊர் அழியாமல் தொடர்ந்திருந்தால் ஒரு வீடு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்த ஓர் அறையை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் உங்கள் விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2021 நவம்பரில் திறந்துவைத்தது. அடுத்த விழாவின் ஒரு மாலையாவது அந்தப் புல்வெளியில், கட்டணமின்றி, நடக்க வேண்டும்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். இப்போது நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வசிக்கிறேன். தமிழனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரைக் குருவாகக் கொண்ட ஆலிஸ் கோல்ட்ரேன், 1971 பிப்ரவரியில் உங்கள் அரங்கில் வாசித்தார். சுவாமியின் யோகா நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த நிகழ்ச்சி அது. ஹார்ப்பும் தம்புராவும் ஜாஸும் கலந்து விண்வெளிக்குள் நம்மை ஏற்றிச் செல்லும் அவருடைய இசை இந்த மரபின் தூண்களில் ஒன்று. 2022 பிப்ரவரி 12 அன்று உங்கள் விழாவைத் தொடங்கிவைத்த ஃப்ளையிங் லோட்டஸ் என்ற இசைக் கலைஞர் அந்த அம்மையாருடைய சகோதரியின் பேரன். அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் ஒரே அரங்கில் வாசித்திருக்கின்றன. எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவரும் அந்தக் கதையில் இருக்கிறார் என்பதில் எனக்கு மறைக்க முடியாத மகிழ்ச்சி உண்டு.

ஒவ்வொரு பருவத்துக்கும் வேறொரு கருப்பொருளை எடுத்துக்கொள்வது உங்கள் வழக்கம் என்பதை அறிவேன். ஆனால் ஹார்லமில் உள்ள ஷாம்பர்க் மையம் என்ற நூலகம் 2013 முதல் கறுப்பினக் காமிக்ஸ் விழாவை அனுமதிக் கட்டணமின்றி நடத்திவருகிறது. அங்கே குழந்தைகள் வரைந்தவரிடமே புத்தகத்தில் கையெழுத்து வாங்கிச் செல்கிறார்கள். உங்களைவிட மிகக் குறைந்த வசதியுள்ள ஒரு நூலகத்தால் முடிவது உங்களால் முடியாததாக இருக்காது. ஆண்டுதோறும் இயலாது என்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் நடத்துங்கள். பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதம் என்பதற்காக அதற்குள்ளேயே அடக்கிவிடவும் வேண்டாம்.

தொடங்குவதற்கு ஒரு நாளையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். வீட்டுவேலை செய்து பிழைத்த ஒரு தாயின் மகளாக 1947 ஜூன் 22 அன்று கலிபோர்னியாவின் பசடீனாவில் பிறந்தவர் ஆக்டேவியா பட்லர். மெக்கார்தர் நிதிநல்கை பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர். செவ்வாய்க் கோளில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி இறங்கிய இடத்துக்கு நாசா 2021இல் அவர் பெயரையே சூட்டியது. 2027 ஜூன் 22 அன்று அவருக்கு எண்பதாவது பிறந்தநாள். அந்த மாலையில் உங்கள் பெரிய அரங்கில் அவருடைய பக்கங்கள் உரக்கப் படிக்கப்படுமானால், நான் குயீன்ஸிலிருந்து ரயிலேறி வந்து மேல்மாடத்தின் கடைசி வரிசையிலாவது உட்கார்ந்து கேட்பேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
குயீன்ஸிலிருந்து ஒரு வாசகன்