கூடவே உட்கார்ந்து கேட்டவர்களுக்கு

தேவகோட்டை, ஆத்தங்குடி, காரைக்குடி உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் கணவருக்கு ஓராண்டு நிறைவுத் திருப்பலி போன வாரம் நடந்தது. வந்தவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேச என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஆத்தங்குடிப் பட்டறையில் அவரோடு தரைக்குப் பதிக்கும் பூக்கல் ஊற்றிய அண்ணன்மார்களுக்கு. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நீங்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருக்கலாமோ என்ற வருத்தம் உங்களில் சிலருக்கு இருக்கிறது என்று தெரியும். அது வேண்டாம் அண்ணே. அடக்கச் செலவை நீங்களே பார்த்தீர்கள். அப்புறம் சம்பள நாள்தோறும் ஒரு கவர் வந்தது, யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதாமல். எல்லாவற்றுக்கும் மேலே, அன்று காலை அவர் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி வைத்திருந்த கடைசிக் கல்லை மற்றதோடு கலக்கவிடாமல், தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். பச்சை இலை, நடுவில் மஞ்சள் பூ. ஓரத்தில் வண்ணம் கொஞ்சம் கசிந்திருக்கிறது. அவர் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், “நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்” என்றார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் அன்றிரவு கேட்டான்: “அப்ப நாம நல்லவங்களா இருக்கக் கூடாதாம்மா?” இன்னொருவர், எந்தப் பாவமோ இப்படி வந்து விடிந்தது என்றார். இந்த இரண்டு பேச்சும் என்னைத் தூங்கவிடவில்லை.

பங்குத்தந்தையிடம் போய், “ஏன் சாமி?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியலம்மா. ஆனா உன்னை மாதிரி கேட்டவங்க பைபிள்ல நிறைய இருக்காங்க, சேர்ந்து படிப்போம்” என்றார். தெரியலம்மா என்ற அந்த வார்த்தைக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் அன்பியத்து (பங்கில் தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் சிறு குழு) பெண்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, நான், மகன் என்று ஞாயிறு மாலைகளில் உட்கார ஆரம்பித்தோம்.

பைபிளில் யோபு நூலில் தொடங்கினோம். 42 அதிகாரம். எல்லாவற்றையும் இழந்தவனைப் பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்ததும், நீ ஏதோ தப்பு செய்திருப்பாய் என்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள் மேல்தான்; சண்டை போட்ட யோபு மேல் இல்லை. 38-ஆம் அதிகாரத்தில் சூறாவளியிலிருந்து அவர் பேசுகிறபோதும், ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்வதில்லை. திருப்பிக் கேள்விதான் கேட்கிறார். எனக்கு அது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. தமிழாசிரியர் ஐயா, “யோபு கேட்டது விளக்கம் மட்டுமா? நேருக்கு நேர் வாங்கன்னுதானே கூப்பிட்டான். வந்துட்டாரே” என்றார். அதை யோசித்துக்கொண்டே பல நாள் சமையல் செய்திருக்கிறேன்.

பாவப் பேச்சுக்குப் பதில் லூக்கா 13-இல் கிடைத்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். மகன் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். பிறகு, செத்துப்போன லாசரின் கதை. அவன் சகோதரிகள் மார்த்தா, மரியா இருவரும் இயேசுவிடம் தனித்தனியே வந்து ஒரே பேச்சைத்தான் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான். நான் தினமும் சொன்னது அதுதான். இயேசு இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கேட்கிறார். அந்த “ஏன்” என்ற கேள்வியைக் கேட்டவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்று நான் நம்புகிறேன். என் கணவரும் எழுவார் என்பது அந்த நம்பிக்கையில் நிற்கிறது. அழுகை அதனால் நிற்கவில்லை, ஆனால் அழுதுகொண்டே ஜெபிக்க முடிகிறது.

ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது? நாங்கள் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். அங்கே இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “முகப்புல வந்து உக்காருங்க, காத்து வரும்” என்றார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு தூணில் சாய்ந்து அவர்களும் கேட்பார்கள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது எத்தனையோ பேர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். அங்கே இருந்த ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா, வரவில்லை. யோபு படித்த அன்று, “எங்க ஆத்தாவும் சாகுறவரைக்கும் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா. பிள்ளையார்பட்டியில போய்க் கேட்டா. நீ உன் சாமிகிட்ட கேளு, விடாதே” என்றார்கள். பணியாரத் தட்டு எங்களுக்குத் தவறியதே இல்லை ஆச்சி. அதற்கும் நன்றி.

ஓரியூருக்கு வேன் ஏற்பாடு செய்த தம்பிக்கும் நன்றி. லிஸ்பனில் பிறந்து இங்கே மறைபரப்ப வந்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுப்பட்ட மண் அது. முந்தின நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தைப் பற்றி ஐயா வழியில் சொல்லிக்கொண்டு வந்தார். சாவை எதிர்பார்த்து அமைதியாக இருப்பவரின் கடிதம். எனக்கு அந்த அமைதி இன்னும் வரவில்லை. செம்மண்ணை எடுத்து வந்தேன், வீட்டில் இருக்கிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மாலையில் கல்லறைகளை ஜெபித்து ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு. அவர் கல்லறையில் அந்தக் கடைசிக் கல்லைப் பதிக்கிறோம். பட்டறை அண்ணன்மார்களே வந்து பதித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் வாருங்கள். சாப்பாடு வீட்டில்தான். அதற்கடுத்த ஞாயிறு மாலை ஆச்சி வீட்டு முகப்பில், பைபிளில் அபக்கூக்கு என்ற இறைவாக்கினரின் நூலைத் தொடங்குகிறோம். அவனும் முதல் வரியிலேயே, எத்தனை காலம் என்றுதான் கேட்கிறான். கேட்க ஏதாவது இருப்பவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களானாலும் வரலாம்.

நன்றியோடும் ஜெபத்தோடும்,
உங்கள் சகோதரி