ரத்தத்தில் ஆர்என்ஏ பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நுரையீரல் தமனி உயர் அழுத்த நோயைக் கொஞ்சம் ரத்தம் எடுத்து, செல்லின் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற தொனியில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோருக்குப் பெற்றுத் தந்த மூலக்கூறு இது. அறிவியல் உண்மைதான். சோதனைதான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபி வேறு, இது வேறு. இந்த நோய் என்று சொல்ல, இதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனிகளில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தைக் காட்டும் அளவு 15-க்கு மேல் போகக் கூடாது. ரத்தக்குழாய்த் தடை 2 வுட் அலகுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்றையும் வலது இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தித்தான் அளக்க முடியும். எக்கோ சந்தேகத்தைக் கிளப்பும், உறுதி செய்யாது.

இந்த நோயில் சிறு தமனிகளின் தசைச் செல்கள் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகிக் குழாயை அடைக்கின்றன. புரதமாக மாறாத ஆர்என்ஏ-க்கள் இங்கேதான் வருகின்றன. மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள துண்டு. ஒரு புரதத்துக்கான செய்தி ஆர்என்ஏ-வில் ஒட்டிக்கொண்டு அந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கும். 204 என்ற எண் கொண்ட மைக்ரோ ஆர்என்ஏ-வைப் பாருங்கள். நலமான தசைச் செல்லில் அது எஸ்எச்பி2 என்ற புரதத்தை அடக்கி வைக்கிறது. நோயில் ஸ்டாட்3 என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொண்டால் 204 குறைகிறது, எஸ்எச்பி2 கட்டவிழ்கிறது, அது எஸ்ஆர்சி என்ற நொதி வழியாக ஸ்டாட்3-ஐ மேலும் தூண்டுகிறது, 204 இன்னும் குறைகிறது. தன்னைத் தானே ஊதிப் பெருக்கும் நெருப்பு. நோயுற்ற எலிகளின் மூச்சுக்குழாய் வழியாக 204-ஐத் திரும்பக் கொடுத்தபோது நோயின் கடுமை குறைந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது.

எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை. 21 என்ற எண் கொண்ட மைக்ரோ ஆர்என்ஏ-வை மருந்தால் தடுத்தபோது சுண்டெலிகளுக்கு நோய் குறைந்தது. அதன் மரபணுவையே நீக்கிய சுண்டெலிகளுக்கோ நோய் கூடியது. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல புரதங்களைத் தொடுகிறது, செல்லுக்குச் செல் வேறு வேலை செய்கிறது. 200 எழுத்துக்கு மேற்பட்ட நீள ஆர்என்ஏ-க்களில் இன்னொரு சிக்கல்: அவற்றில் ஒன்றான டைக்ரில் மனிதரில் உண்டு, எலியில் கிடையாது. அதனால் அதை மனித நுரையீரல் துண்டுகளில்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

இனி ரத்தத்துக்கு வருவோம். பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. கதீட்டர் அறையில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பது, குழாயை ஹெப்பாரின் கலந்த நீரால் அலசுவது சாதாரணம். அதற்குப் பிறகு அதே குழாயிலிருந்து மாதிரி எடுத்தால் ஆர்என்ஏ-வைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் சோதனையின் நொதியை ஹெப்பாரின் தடுக்கும். மைக்ரோ ஆர்என்ஏ குறைந்ததுபோலத் தோன்றும். ஒப்பீட்டுக்கு வந்த நலமானவர்களிடம் கை நரம்பில் எடுத்திருப்பார்கள், ஹெப்பாரின் இருக்காது. அந்த வித்தியாசம் 'நோயின் அடையாளம்' ஆகிவிடுகிறது. ஹெப்பாரின் தருமுன், உறைவதைத் தடுக்கும் இடிடிஏ கலந்த குழாயில் எடுப்பதே முறை. ஏற்கெனவே கலந்துவிட்டால் ஹெப்பாரினேஸ் நொதி சேர்த்துச் சிதைக்கலாம்.

அடுத்தது சிவப்பணு உடைவது. அவற்றுக்குள் 451ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ நிறைய உண்டு. கண்ணுக்குச் சிவப்பு தெரியாத பிளாஸ்மாவிலும் (அணுக்களைப் பிரித்த ரத்த நீர்) கசிந்திருக்கும். 451ஏ-வுக்கும், சிவப்பணு உடைந்தாலும் அவ்வளவாக மாறாத 23ஏ-வுக்கும் பிசிஆர் சுற்றுகளில் 7-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும். தட்டணுக்களும் தம் பங்குக்குக் கெடுக்கும்: உறையும்போது தம் ஆர்என்ஏ-வை வெளியே விடுவதால் சீரத்தின் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) அளவும் பிளாஸ்மாவின் அளவும் ஒத்துப்போகாது. தட்டணுக்களை நீக்க மாதிரியை இயந்திரத்தில் இருமுறை சுழற்ற வேண்டும். முதல் சுழற்சிக்குப் பின் வெள்ளணுப் படலத்துக்கு மேலே கொஞ்சம் மிச்சம் விட்டே உறிஞ்ச வேண்டும். அளவை ஒப்பிட யு6 என்ற உட்கரு ஆர்என்ஏ-வை வைத்துக்கொள்வது பழைய பழக்கம். பிளாஸ்மாவுக்கு அது நிலையான துணை அல்ல. வட்டப்புழுவின் 39 எண் கொண்ட மைக்ரோ ஆர்என்ஏ-வைத் தெரிந்த அளவில் சேர்த்தால், பிரித்தெடுக்கும்போது எவ்வளவு இழந்தோம் என்பதாவது தெரியும்.

மருந்துப் பேச்சும் இப்படித்தான். செய்தி ஆர்என்ஏ-வைத் தடுக்கும் 'குறுக்கிடும் ஆர்என்ஏ' மருந்து 2018-லேயே அனுமதி பெற்றது. ஆனால் அது கல்லீரலைக் குறிவைத்தது. ஊசியில் போடுவதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் சிறுநீரகமும் பிடித்துக்கொள்கின்றன. நுகரக் கொடுத்தால் சளியும் விழுங்குசெல்களும் குறுக்கே நிற்கின்றன. புற்றுநோய்க்கு முயன்ற 34ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ மருந்தின் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே இத்தகைய செய்தியை வெளியிடும்போது மூன்று விவரங்களைச் சேர்க்கக் கோருகிறேன்: ரத்தம் எந்தக் குழாயில், ஹெப்பாரினுக்கு முன்பா பின்பா எடுக்கப்பட்டது, முடிவு எலியில் கிடைத்ததா, மனிதரிலா, கதீட்டர் அளவோடு ஒப்பிட்டார்களா. இந்த நோய்க்கு நரம்பில் தொடர்ந்து ஏற்றப்படும் எபோப்ரோஸ்டினால் என்ற மருந்து உடலில் சில நிமிடங்களே நிற்கும். 'புது ஆர்என்ஏ சிகிச்சை' என்ற தலைப்பை நம்பி அதை யாராவது நிறுத்தினால், அழுத்தம் திடீரென எகிறி உயிருக்கே ஆபத்தாகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்