காவோலை இருக்கட்டும், அப்பா

மொரீஷியஸ்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மையும் தங்கச்சியும் சுகம்தானே? இந்த மாதப் பணம் தங்கச்சி கணக்கில் போட்டுவிட்டேன். அதில் அம்மையின் முட்டுவலிக்கு வேண்டியதை முதலில் எடுத்துவிடுங்கள். புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது அப்புறம்.

புது வீட்டுக்காக விளையின் மேற்கே நிற்கிற ஏழு பனையையும் முறிக்கப்போவதாகவும், சூளைக்காரர் விலை பேசிவிட்டதாகவும் போனில் சொன்னீர்கள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து மனசு கேட்கவில்லை. போனில் இதை நிதானமாகப் பேச எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

வேலை பரவாயில்லை. காலையில் ஆறரைக்கெல்லாம் சாரத்தில் ஏறிவிடுவோம். நம் ஊர் நேரத்துக்கு இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. முதல் சம்பளம் வாங்கிய அன்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் மேஸ்திரியின் பாட்டனுக்குப் பாட்டன் நம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவராம். மேஸ்திரிக்குத் தமிழ் பேச வராது, கிரியோல்தான். ஆனால் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுக்கிறார். தைப்பூசம் இங்கே அரசாங்க விடுமுறை.

இங்கே இருக்கிற உழவாரன் குருவியை எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

சாரத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே கரும்புக்காட்டுப் பக்கமிருந்து குருவிகள் கூட்டமாக வரும். நான் எல்லாமே தகைவிலான் குருவி என்று நினைத்திருந்தேன். இங்கே சனங்களும் எல்லாவற்றையும் ‘சிரோந்தெல்’ என்றுதான் சொல்கிறார்கள். மேஸ்திரி ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டுக் கம்பியைக் காட்டினார். அதில் நாலைந்து உட்கார்ந்திருந்தன. மார்பில் கோடு கோடாக இருக்கிற, கொஞ்சம் பருத்த குருவி. அதுதான் இந்தத் தீவின் தகைவிலான். நாலு அடி அடித்து ஒரு மிதப்பு மிதக்கும், களைத்தால் கம்பிக்கு வந்துவிடும். அதற்கும் மேலே, உட்காரவே உட்காராமல் வெட்டி வெட்டித் திரும்புவது வேறு. அதுதான் உழவாரன் இனம். சிறகு இரண்டையும் விரித்தால் பனையில் பாளை சீவுகிற உங்கள் அரிவாளின் வளைவு அப்படியே இருக்கும். உடம்பு மண்ணிறம், வால் தொடங்குகிற இடத்தில் மட்டும் வெளிறின பட்டை. பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம். கால் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குக் குட்டை. சுவரில் நகத்தால் தொற்றிக்கொள்ளும், கம்பியில் உட்கார வராது. தங்காமல் பறக்கிறதற்குத் தகைவிலான் என்று பேர் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்!

இந்தச் சின்ன உழவாரன் உலகத்தில் இரண்டே தீவில்தான் இருக்கிறது அப்பா. இங்கே, அப்புறம் பக்கத்தில் இருக்கிற ரீயூனியனில். ஆப்பிரிக்காக் கரையே இங்கிருந்து 2000 கிலோமீட்டர் தூரம். எந்தக் காலத்திலோ காற்றோடு வந்து தங்கியிருக்கும். ஆனால் கூடு கட்ட எல்லா இடமும் ஆகாது. எரிமலைக் குழம்பு ஓடினபோது மேல்பக்கம் இறுகி, உள்ளே இருந்த குழம்பு வடிந்துபோய், சுரங்கம் மாதிரி நீளக் குகைகள் ஆகிவிட்டன. அங்கேதான் கட்டும்.

போன ஞாயிறு மேஸ்திரி என்னை ஒரு குகைக்குக் கூட்டிப் போனார். எந்த ஊர் என்று எழுத மாட்டேன், காரணம் பின்னால் சொல்கிறேன். வாய்ப்பக்கம் பழைய டயரும் உடைந்த பிளாஸ்டிக் வாளியுமாகக் குப்பை. அதைத் தாண்டி இருட்டுக்குள் போனதும் ஒரு சத்தம். காய்ந்த ஈர்க்கால் ஓலைப்பெட்டி விளிம்பில் தட்டிக்கொண்டே போனால் வருமே, டிக் டிக் டிக் என்று, அது. குருவி போடுகிற சத்தம்தான். வெளவால் மாதிரியே அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்து இருட்டில் வழி கண்டுபிடிக்கிறது. வெளவால் சத்தம் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாது, இது நன்றாகக் கேட்கிறது. முகத்துக்கு முன்னால் காற்று அசையும், குருவி போய்விட்டிருக்கும், ஒன்றுகூட மேலே இடிக்கவில்லை. இதன் உறவில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் குகைகளிலும் இருக்கிறதாம்.

வெளிச்சம் கொஞ்சம் விழுகிற இடத்தில் ஒரு கூட்டைக் கிட்டே பார்த்தேன். பாதிச் சிரட்டையைச் சுவரில் ஒட்டிவைத்த மாதிரி. கொத்தனார் கண்ணுக்கு அந்த ஒட்டுத்தான் முதலில் பட்டது. கம்பி இல்லை, முட்டு இல்லை, ஈரச் சுவரில் எச்சிலால் ஒட்டி நிற்கிறது. பாறைப்பாசியும் சின்னச் சின்னக் குச்சியும் கலந்து பூசியிருக்கிறது. அந்தக் குச்சி என்ன தெரியுமா? சவுக்கு! நம் கடற்கரையில் நிற்கிற, சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுக்கிற அதே சவுக்கு. இந்தத் தீவுக்கு மனுஷன் கொண்டுவந்து நட்ட மரம். குருவி அதையும் பழக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே வெள்ளையாக இரண்டு முட்டை. உடனே வெளியே வந்துவிட்டோம்.

வரும் வழியில் மேஸ்திரி சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். வரிசையாக வெள்ளைத் தழும்பு. கூடுகளைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், சூப்புக்காம். முட்டை, குஞ்சு எதையும் பார்ப்பதில்லை. அதனால்தான் ஊர்ப் பேர் எழுதவில்லை. இந்த நாட்டு முத்திரையில் டோடோ என்ற பறவை இருக்கிறது, அது செத்து ஒழிந்து முந்நூறு வருஷத்துக்கு மேல். இங்கத்து வல்லூறு 1974-இல் காட்டில் நாலே நாலு இருந்ததாம், அதை ஆட்கள் பாடுபட்டு மீட்டார்கள். தீவில் ஒன்று போனால் பக்கத்து ஊரிலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது என்று மேஸ்திரி சொன்னார். ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போது நம் விளை ஞாபகம் வந்தது. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது காய்ந்து தொங்கின ஒரு காவோலை காற்றில் விழுந்தது. நீங்கள் பனையேறுகிற முருக்குத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு அந்த ஓலையை என் கையில் திருப்பிக் காட்டினீர்கள். அடிப்பக்கத்தில் பஞ்சும் தூவலும் சேர்த்து ஒட்டின ஒரு சின்னக் கூடு. ஓலையைத் தலைகீழாகப் பிடித்தும் முட்டை விழவில்லை. “எச்சில்ல ஒட்டி வச்சிருக்கு மக்கா” என்றீர்கள். அது பனை உழவாரன், இந்தக் குகைக் குருவிக்குச் சொந்தம். அந்த வருஷம் காவோலை கழிக்கும்போது ஒவ்வொரு ஓலையையும் அடியில் பார்த்துத்தான் வெட்டினீர்கள். பனையிலிருந்து அக்கானி இறக்குகிற அவசரத்திலும்.

அதனால் கேட்கிறேன். ஏழில் தெற்கே நிற்கிற காய்க்காத அலகுப்பனையும் அதன் பக்கத்தில் காய்க்கிற பருவப்பனையும் நிற்கட்டும். காவோலை அதிகம் தொங்குவது அவற்றில்தான். பனைக்கு நார்வேர், அஸ்திவாரத்தைப் பிளக்காது, அதற்கு நான் பொறுப்பு. வானத்தை வடக்கே நாலடி தள்ளித் தோண்டினால் போதும். அளவெல்லாம் போட்டு வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். வாசல் படிப்புரை கொஞ்சம் சுருங்கும், அம்மையிடம் நான் பேசிக்கொள்கிறேன். சூளைக்காரர் குறைக்கிற பணத்தை அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

வெட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் தங்கச்சியை ஒரு சாயங்காலம் அங்கே நிற்கச் சொல்லுங்கள். ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை எந்தப் பனையில் எத்தனை குருவி நுழைகிறது என்று எண்ணி எனக்கு எழுதட்டும். மற்ற ஐந்திலும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்