ஊர் திரும்பும் படைவீரரின் உறக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய வேலூர் மாவட்டத்துக் கிராமம் எங்களுடையது. 17 ஆண்டுப் பணி முடித்து, நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு ஹவில்தார், போக இடமில்லாவிட்டாலும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காலணிக்கு மெருகேற்றுகிறார். தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுகிறார். ஓய்வூதியம் பற்றி விசாரிப்பவர்கள் உறக்கம் வருகிறதா என்று கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. 14416 என்ற எண்ணில் தொலைபேசிவழி மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையில், படையினருக்கெனத் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கப்பட்டதை எங்கள் ஊரில் அறிந்தவர் அரிது.

2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி படையில் சேரும் அக்னி வீரர்களில் நான்கில் மூவர் நான்கே ஆண்டுகளில், இருபதுகளிலேயே ஊர் திரும்பவிருப்பதால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் மனநல ஆலோசகர்களை அரசு இப்போதே அமர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், வேலூர் மாவட்டம்